அந்தக் குரலைப் புருஷன் தரவில்லை

ஞாயிற்றுக்கிழமை 'ஃபன்னி கேர்ள்' திரையிடலில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அமெரிக்க நகைச்சுவை நடிகையும் பாடகியுமான ஃபேனி பிரைஸின் வாழ்க்கையைச் சொல்லும் படம் அது. "அந்த ஆள் ஏமாற்றாமல் இருந்திருந்தால் இப்படி ஒரு பாடகி நமக்குக் கிடைத்திருப்பாளா?" என்று மைக்கில் ஒருவர் கேட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் பதில் சொல்ல எழுந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது, உட்கார்ந்துவிட்டேன்.

ஃபேனி பிரைஸை உருவாக்கியது அவர் புருஷன் நிக்கி ஆர்ன்ஸ்டீன் இல்லை. நியூயார்க்கில் 1891இல் பிறந்த அந்த யூதப் பெண் 1910இல், பதினெட்டு வயதில், நியூயார்க்கின் பெரிய ஆடல் பாடல் நிகழ்ச்சியான ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ் மேடை ஏறிவிட்டார். அப்போது அந்த ஆள் யாரென்றே அவருக்குத் தெரியாது. அதற்கும் முந்தின வருஷம் பாடலாசிரியர் இர்விங் பெர்லின் ஒரு வேடிக்கைப் பாட்டைக் கொடுத்து, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷ் வாடையோடு பாடிக் காட்டினார். ஃபேனிக்கு அந்த மொழியே புரியாது. கேட்டுப் பிடித்துக்கொண்டார். மேடையில் கஞ்சி விறைத்த மாலுமி உடை உடம்பை உறுத்தியது. நெளிந்தார், இழுத்துவிட்டார், அந்த நெளிவையே ஆட்டமாக்கினார். கூட்டம் சிரித்தது. இதை எந்தப் புருஷன் கற்றுக்கொடுத்தான்?

1921இல் 'மை மேன்'. பிரெஞ்சிலிருந்து வந்த பாட்டு, தன்னை நோகடிக்கிற ஆளையே நேசிக்கிற ஒரு பெண் பாடுவது. கிழிந்த உடையில், வழக்கமான சேட்டை ஒன்றுகூட இல்லாமல், அசையாமல் நின்று பாடினார். பதினோரு வருஷம் அந்தக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தவருக்குத்தான் எப்போது அசையாமல் நிற்க வேண்டும் என்று தெரியும்.

"சொந்த வலி அதில் இல்லையா?" என்பீர்கள். இருந்தது, சரி. புருஷன் வழக்கில் மாட்டியிருந்தது ஊருக்கே தெரியும். ஆனால் வழக்கில் மாட்டியவர்களின் மனைவிமார் எல்லாரும் அப்படிப் பாடினார்களா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் சித்தி. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, எங்கள் தூக்கம் கெடக்கூடாது என்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்வார். சித்தப்பா விட்டுப் போன பிறகு கோயிலில் பாடினால், "பட்ட கஷ்டம் குரலில் தெரியுது" என்றார்கள். அந்த அடுப்படிக் கதவு யார் கண்ணிலும் படவில்லை.

"படமே அப்படித்தானே காட்டுகிறது" என்றும் சொல்வீர்கள். 1968இல் வந்த 'ஃபன்னி கேர்ள்' படத்தைத் தயாரித்த ரே ஸ்டார்க், ஃபேனியின் மருமகன். படத்தில் ஆர்ன்ஸ்டீன், மனைவியின் புகழுக்கு முன்னால் நொறுங்கிப்போகிற கண்ணியவான். நிஜத்தில் 1918இல் கல்யாணம் ஆவதற்கு முன்பே மோசடிக்காக சிங் சிங் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். அப்புறம் கடன்பத்திரத் திருட்டு வழக்கு, லெவன்வொர்த் சிறை. வழக்குச் செலவுக்குப் பாடிச் சம்பாதித்தது ஃபேனி. ஃபேனியாக பார்பரா ஸ்ட்ரைசாண்ட் நன்றாக நடித்தார், ஆஸ்கர் வாங்கினார், நான் இல்லை என்றேனா? என் பேச்சு அதைப் பற்றி இல்லை.

1927இல் விவாகரத்து. அந்த ஆள் போனதும் குரல் வற்றியிருக்க வேண்டுமே? 1951இல் சாகும் வரைக்கும், ஐம்பத்தொன்பது வயதில், வானொலியில் 'பேபி ஸ்னூக்ஸ்' என்கிற வாண்டுப் பெண்ணாக மழலை பேசிக்கொண்டிருந்தார். நாடே கேட்டுச் சிரித்தது. திரையிடலில் இதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

அடுத்த மாதமும் அதே அரங்கில்தான் கூட்டம். சித்தியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். இந்தத் தடவை முன்வரிசையில் உட்காருவேன்.