கலர் அடிக்கும் முன்னே: மினியேச்சருக்கு எந்தக் கருவி வேண்டும், எது வேண்டாம்

மினியேச்சர் என்கிற சிறு மாடல் பொம்மைகளைக் கட்டிக் கலர் அடிக்கிற நாம், பெயிண்ட் பற்றியும் பிரஷ் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். அதற்கு முந்தைய வேலையை மட்டும் அவசர அவசரமாக முடித்துவிடுகிறோம். முகத்தின் நடுவே ஓடுகிற மோல்ட் லைனை (அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் மெல்லிய கோடு) எந்தப் பெயிண்டும் மறைக்காது, காட்டித்தான் கொடுக்கும். வாஷ் (பள்ளங்களில் தேங்கும் நீர்த்த பெயிண்ட்) போட்டால் அந்தக் கோட்டின் ஓரத்தில் போய்த் தேங்கும். டிரை பிரஷ் செய்தால் (கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் தடவினால்) மேடாக நிற்கிற அந்தக் கோட்டில்தான் முதலில் பிடிக்கும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இருபது கருவிகள் ஒரே பையில் வரும் செட்டை வாங்குகிறார்கள். அது வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பையில் பாதியை யாரும் தொடுவதில்லை. தொடுகிற மீதியும் சுமார் ரகம். நல்ல நிப்பர் (பாகங்களை வெட்டி எடுக்கும் சிறு வெட்டுக்குறடு) ஒன்று, கத்தி ஒன்று, அதற்கு நிறைய மாற்று பிளேடு, பொருளுக்கு ஏற்ற பசை. முதலில் காசு போக வேண்டியது இவற்றுக்குத்தான்.

நிப்பரில் கவனிக்க வேண்டியது அதன் வாய். ஒரு பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். அந்தத் தட்டைப் பக்கத்தைப் பாகத்தை நோக்கி வைத்து வெட்டுங்கள். ஆனால் ஒரே வெட்டில் ஒட்ட வெட்டாதீர்கள். முதலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, பாகத்தை ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) விடுவிக்க வேண்டும். அப்புறம் அரை மில்லிமீட்டர் விட்டு இரண்டாம் வெட்டு. மிச்சத்தைக் கத்தியால் சீவிக்கொள்ளலாம். பாகம் ஸ்ப்ரூவோடு இறுக்கமாக இருக்கும்போதே ஒட்ட வெட்டினால், நிப்பர் பிளாஸ்டிக்கைப் பிளந்து தள்ளும் விசை முழுவதையும் பாகம் தாங்க வேண்டி வரும். வெட்டின இடம் வெள்ளையாகப் பூத்துவிடும், இல்லாவிட்டால் சிறு பள்ளமாகப் பிய்ந்து வரும். ஈட்டி, வாள், ஆன்டெனா மாதிரி மெலிந்த பாகம் என்றால் உடைந்தே போகும். அவற்றுக்குச் சுற்றியிருக்கும் ஸ்ப்ரூ சட்டத்தை முதலில் வெட்டி இழுவிசையைக் குறைத்துவிட்டுப் பாகத்துக்கு வர வேண்டும். இந்த நிப்பரால் கம்பியையோ உலோக மினியேச்சரையோ வெட்டவே கூடாது. ஒரு முறை வெட்டினாலும் வாயில் பொக்கை விழுந்துவிடும்.

மோல்ட் லைன் எடுக்க அரம்தான் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. முக்கால்வாசி வேலைக்குக் கத்தியின் முதுகு போதும். 11-ஆம் நம்பர் பிளேடை (ஹாபி கத்தியின் கூர்நுனி பிளேடு) எடுத்து, கூர்ப்பக்கத்தை விட்டுவிட்டு முதுகுப் பக்கத்தின் விளிம்பை மேற்பரப்புக்குக் கிட்டத்தட்ட செங்குத்தாக வைத்து, கோட்டின் நீளவாக்கில் லேசாகச் சுரண்டுங்கள். சரியாக நடந்தால் முடி மாதிரி மெல்லிய சுருள் வரும். கத்தி தடதடவென்று துள்ளி, மேற்பரப்பில் குறுக்கே அலை அலையாக வரி விழுந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். அழுத்தத்தைக் குறைத்து, திசையைக் கொஞ்சம் சாய்த்துச் சுரண்டினால் அந்த வரிகள் போய்விடும். வளைந்த தோள், கால் போன்ற இடங்களில் வளைவோடு சேர்ந்து கத்தியும் திரும்ப வேண்டும். திருப்பாமல் நேராகவே இழுத்தால் உருண்டையான கை பட்டையாகிவிடும். கோடு தெரிகிறதா என்று பார்க்க நேர் வெளிச்சம் உதவாது. விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, பாகத்தை மெல்ல உருட்டிப் பாருங்கள். நகத்தால் தடவினாலும் தட்டுப்படும்.

அரத்துக்கு வேலை இருப்பது வெள்ளீய உலோகத்திலும், தட்டையான நீள விளிம்புகளிலும்தான். பிளாஸ்டிக்கில் போட்டால் பல்லுக்குள் தூள் அடைத்துக்கொண்டு, பிறகு அரம் வழுக்க ஆரம்பிக்கும். தேய்ப்பதற்கு முன் அரத்தில் சாக்பீஸ் தடவிக்கொண்டால் அடைப்பு குறையும். அடைத்ததைப் பித்தளை பிரஷால் எடுத்துவிடலாம். கடைசி மெருகுக்கு 600, 800 கிரிட் (சொரசொரப்பைக் குறிக்கும் எண்) உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும்.

ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசின்) கதை வேறு. வார்ப்பு ரெசினில் அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும். அதைக் கழுவாவிட்டால் பசையும் பிடிக்காது, பிரைமரும் (கலருக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) உரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, பழைய மென்மையான டூத்பிரஷால் தேய்த்து, முழுதாக உலரவிடுங்கள். வளைந்துபோன வாளைச் சூடான தண்ணீரில் முக்கி, இளகியதும் நிமிர்த்தி, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் பிடித்தால் அந்த நிலையிலேயே நின்றுவிடும். போர்டு கேமோடு வரும் ரப்பர் மாதிரியான பிவிசி பொம்மைக்கும் இதே முறைதான். ஆனால் பிவிசியில் சுரண்டினால் பஞ்சு பஞ்சாகப் பிசிறு எழும். அங்கே புது பிளேடின் கூர்ப்பக்கத்தால் சீவ மட்டும்தான் முடியும்.

ரெசின் தூள் விஷயத்தில் யாரும் அலட்சியம் காட்டாதீர்கள். நுரையீரலுக்குக் கெடுதல். உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம், நனைத்துத் தேய்த்து, முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். துணி மாஸ்க் இதற்குப் போதாது, என்95 தரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து பசை. ஸ்ப்ரூவில் வரும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் சிமெண்ட், மற்ற எல்லாவற்றுக்கும் சூப்பர் க்ளூ. இதை மாற்றிச் செய்வதால்தான் கை கழன்று விழுகிறது. சிமெண்ட் உண்மையில் ஒட்டுவதில்லை. இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது. அதனால் ரெசினிலும் உலோகத்திலும் பிவிசியிலும் அதற்கு வேலையே இல்லை. டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற நீர்த்த சிமெண்டை முன்கூட்டியே பூச வேண்டியதில்லை. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, மூடியிலுள்ள பிரஷின் நுனியால் இணைப்புக் கோட்டைத் தொட்டால் போதும், திரவம் தானே உள்ளே ஓடிவிடும். அந்தக் கோட்டின் மேல் விரல் இருந்தால் விரலுக்கு அடியிலும் ஓடி, உங்கள் கைரேகையைப் பொம்மையில் நிரந்தரமாகப் பதித்துவிடும். சில நொடி கழித்து மெல்ல அழுத்தினால் இணைப்பில் கரைந்த பிளாஸ்டிக் நூலாகப் பிதுங்கி வரும். அதைத் துடைக்காதீர்கள். ஒரு நாள் காயவிட்டுச் சுரண்டினால் இணைப்பே தெரியாமல் போகும். வாகனம், பீரங்கி போன்ற பெரிய பாகங்களுக்குக் கெட்டியான சிமெண்ட் வசதி.

சூப்பர் க்ளூவில் குறைவாக வைத்தால்தான் பலம். குண்டூசித் தலை அளவு போதும். காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தால் இறுகுகிற பசை என்பதால், தடிமனாக வைத்தால் நடுவில் இறுக நேரமாகும். ஆவி படிந்து சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும். வழிந்தால் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள், கையைச் சுடும் அளவுக்குச் சூடேறலாம். இந்தப் பசை இழுவையைத் தாங்கும், தட்டினால் விட்டுவிடும். அதனால் கனமான உலோகக் கைக்கும் இறக்கைக்கும் உள்ளே கம்பி வைத்தே ஆக வேண்டும். பின் வைஸில் (கையால் சுழற்றித் துளையிடும் சிறு கருவி) 1 மில்லிமீட்டர் பிட், அதே தடிமனில் பித்தளைக் கம்பி. துளை நேருக்கு நேர் வருவதுதான் சிரமம். ஒரு பக்கம் துளை போட்டு, அதன் வாயில் ஒரு பொட்டு பெயிண்ட் வைத்து, அடுத்த பாகத்தை அழுத்தி எடுத்தால் எங்கே துளைக்க வேண்டும் என்று புள்ளி விழும். அங்கே கத்தி நுனியால் சிறு குழி செய்துவிட்டுத் துளையுங்கள், பிட் நழுவாது. ஆழம் நான்கைந்து மில்லிமீட்டர் போதும். இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிடாவிட்டால் பிட் உடையும்.

இடைவெளி அடைக்க எல்லோரும் கிரீன் ஸ்டஃப் (இரண்டு பகுதியைப் பிசைந்து இறுகவிடும் எபாக்ஸி புட்டி) என்பார்கள். உரோமம், துணி மடிப்பு செதுக்க அது அருமை. ஆனால் இறுகிய பிறகும் ரப்பர்த்தன்மை இருப்பதால் உப்புத்தாளுக்குச் சரியாக மசியாது. தட்டையான இணைப்புகளுக்கு என் ஓட்டு மில்லிபுட் என்கிற இன்னொரு எபாக்ஸி புட்டிக்கு. இரண்டு குச்சியிலும் சம அளவு எடுத்து, நிறம் ஒன்றாகும் வரை பிசைந்து, இடைவெளியில் திணித்து, ஈர பிரஷால் நீவிவிட்டால் பாதி வேலை அப்போதே முடிந்துவிடும். மறுநாள் தேய்த்துக்கொள்ளலாம். கிரீன் ஸ்டஃப் பட்டையாக வாங்கினால், நீலமும் மஞ்சளும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோட்டை ஒரு இழை வெட்டி எறிந்துவிட்டுப் பிசையுங்கள். அது பெட்டியிலேயே இறுகியிருக்கும், கலந்தால் கட்டி கட்டியாக நிற்கும்.

பிரைமரை மெல்லிதாக அடித்ததும் மறுபடி பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பிளாஸ்டிக் நிறத்தில் தப்பிய கோடு ஒற்றை நிறத்தில் தெரிந்துவிடும். அந்த இடத்தை மட்டும் கத்தி முதுகால் சுரண்டி, அங்கே பிரஷால் கொஞ்சம் பிரைமர் தொட்டு வைத்துவிட்டுக் கலரை எடுங்கள்.