சுல்தானாவின் கனவை நெல்லைச் சீமையில் படமாக எடுங்கள்

தமிழில் பேய்ப் படம் என்றால் பெரும்பாலும் பெண் பேய்தான். உயிரோடு இருந்தபோது அவளை ஒருவன் கொன்றிருப்பான், செத்த பிறகு பழிவாங்க வருவாள், கடைசியில் ஒரு மந்திரவாதி வந்து அடக்கிவிடுவார். எங்கள் நெல்லைப் பக்கத்து நாட்டார் தெய்வமான இசக்கியின் கதை இப்படி முடிவதில்லை. கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். நகைக்காகக் கொல்லப்பட்டவள் மறுபடி பிறந்து வந்து கணக்குத் தீர்க்கிறாள். அதன் பிறகும் ஊர் அவளை விரட்டுவதில்லை. பீடம் போட்டு, பொங்கலிட்டு, பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறது. கோபக்காரிக்கு ஊருக்குள்ளேயே இடம் கொடுத்த மண்ணில் இருந்துகொண்டு, அவளை ஓட்டுகிற படங்களையே திரும்பத் திரும்பப் பார்ப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பழிவாங்கலைத் தாண்டி, உலகத்தையே வேறு மாதிரி அமைத்துப் பார்த்த பெண்ணியக் கதைகள் எத்தனையோ உண்டு. நான் முதலில் படமாக எடுக்கக் கேட்பது 'சுல்தானாவின் கனவு'. எழுதியவர் வங்காளத்தின் ரொக்கேயா சகாவத் ஹுசைன். பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாத வீட்டில் பிறந்தவர். அண்ணன்தான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிய இந்தக் கதை 1905இல் முதலில் அச்சானது நம் சென்னையில், பெண்களுக்காக வந்த ஒரு பத்திரிகையில்.

கதையில் சுல்தானா கண்ணயர்கிறாள். கனவில் சாரா என்ற தோழி அவளைப் பெண்கள் நாட்டுக்கு அழைத்துப் போகிறாள். அங்கே ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் தெருவில். சமையலறையில் கரியும் கிடையாது, புகையும் கிடையாது, வெயிலில்தான் சமையல். பெண்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்றில் வானத்திலிருந்து குழாய் வழியாக நீர் இறக்கும் பலூனைக் கண்டுபிடிக்கிறார்கள், இன்னொன்றில் சூரிய வெப்பத்தைச் சேர்த்துவைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஆண்களின் படை தோற்றுப்போனதும், மாணவிகள் அந்த வெப்பத்தை எதிரிமேல் பாய்ச்சி விரட்டுகிறார்கள்.

இதைப் பணகுடி, ராதாபுரம் பக்கம் எடுத்தால் செட் எதுவும் போட வேண்டாம். கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை, மேலே நம் வெயில். பேச்சும் நெல்லைப் பேச்சாகவே இருக்கட்டும். "யக்கா, ஆம்பளையெல்லாம் எங்கக்கா?" என்று சுல்தானா கேட்க வேண்டும். "அவிய இருக்க வேண்டிய எடத்துலதாம்ளா இருக்காவ" என்று சாரா சொல்ல வேண்டும். ரொக்கேயாவின் சாரா சொல்கிற பதிலும் ஏறக்குறைய இதேதான்.

என்னை விடாத இடம் ஒன்று உண்டு. அந்த நாட்டில் தினமும் இரண்டு மணி நேரம்தான் வேலை. எங்கள் ஊர் ஆண்கள் ஏழு மணி நேரம் பார்க்கிறார்களே என்கிறாள் சுல்தானா. சாரா கணக்குச் சொல்கிறாள்: ஒரு சுருட்டு முடிய அரை மணி நேரம், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆக ஆறு மணி நேரம் புகையிலேயே போகிறது. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் மடியில் தட்டை வைத்து, பீடி இலை வெட்டி, தூள் போட்டு, நூல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கழுத்து வலியும் இருமலும் அவர்களுக்கு. இந்தக் கணக்கை ஒரு பீடிக்காரப் பெண் திரையில் சொன்னால் எப்படி இருக்கும்! நம் படத்தில் சுல்தானா பீடித் தட்டோடுதான் கண்ணயர வேண்டும்.

ஆனால் ஒன்று, இதைச் சிரிப்புப் படமாக்கிவிடாதீர்கள். ஆண்களுக்குச் சேலை கட்டிவிட்டுக் கைதட்டு வாங்குகிற வேலை வேண்டாம். இருட்டிய பிறகு ஒரு பெண் பயமில்லாமல் தெருவில் நடக்கிறாள், அவ்வளவுதான் காட்சி. அதை நிதானமாகக் காட்டினாலே போதும். ஸ்பெயினில் இசபெல் எர்கேரா இந்தக் கதையை ஒட்டி 2023இல் ஓர் அனிமேஷன் படமே எடுத்துவிட்டார். அச்சிட்ட ஊர்க்காரர்கள் நாம் இன்னும் தொடவில்லை.

அடுத்தது நம் புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்', 1943. கல்லிலிருந்து எழுந்த அகலிகை, காட்டிலிருந்து திரும்பிய சீதை தீக்குளித்த கதையைச் சொல்லக் கேட்கிறாள். ராமனா அப்படிக் கேட்டான் என்று அவளால் தாங்க முடியவில்லை. மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். இரண்டு பெண்கள் பேசுகிற அந்த ஒரே காட்சிக்காக முழுப் படம் எடுக்கலாம். இவருடைய 'சிற்றன்னை'யை வைத்துத்தானே மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார்? ஆக வழி ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் 'கின்ட்ரெட்' நாவல், 1979. ஒரு கறுப்பினப் பெண் திடீரென்று அடிமைக் காலத்துக்குள் இழுத்துப் போடப்படுகிறாள். பாளையங்கோட்டையில் படிக்கிற ஒரு பெண், நிலத்தோடு சேர்த்து ஆட்களையும் கைமாற்றிய காலத்துத் தாமிரபரணி வயலில் போய் விழுந்தால்? சாதியைப் பற்றி நாம் பேசத் தயங்குவதை எல்லாம் அந்தப் படம் பேசும். இதற்கு மட்டும் முறையாக உரிமை வாங்க வேண்டியிருக்கும்.

மற்ற இரண்டுக்கும் அந்தச் சிக்கலே இல்லை. ரொக்கேயா மறைந்தது 1932இல், காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. ஆகவே, குறும்படம் எடுக்கிற கல்லூரிப் பிள்ளைகளே, யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். பீடி சுற்றும் பெண்களிடம் பேச வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் கூட்டிப் போகிறேன்.