விளக்குக் கம்பத்தில் தொங்கும் பெட்டி

எங்கள் எஸ்டேட் டவுன் கடைவரிசைக்கு முன்னால் இருக்கிற விளக்குக் கம்பத்தில் மேலே ஒரு 5ஜி கைப்பேசி ஆன்டெனா, நடுவில் சாம்பல் நிறப் பெட்டி, அதற்கும் கீழே ஆள் தலை உயரத்தில் கறுப்பு ஒயர் சுருள், அதையும் பிளாஸ்டிக் கட்டு போட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். கைப்பேசி லைன் வேண்டும், மறுக்கவில்லை. செம்பனைக் காட்டுக்கு நடுவில் பிள்ளைகள் இணையப் பாடத்துக்காக மேட்டில் ஏறி நின்றதைப் பார்த்தவர்கள்தான் நாங்கள். 5ஜி-யின் உயர் அலைவரிசைகள் அதிக தூரம் போகாது, அதனால் ஆன்டெனாக்களைத் தாழ்வாக, நெருக்கமாக வைக்க வேண்டும், சரி. அப்புறம் ஒயரைக் கம்பத்துக்குள் விட்டால் என்ன? பெட்டிக்குக் கம்பத்தின் நிறத்தையே அடித்தால் என்ன?

அமெரிக்காவில் 2018-இல் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி போட்ட ஆணைப்படி, ஆன்டெனா வைக்க அனுமதி கேட்டால் நகரங்கள், ஏற்கெனவே இருக்கிற கம்பம் என்றால் 60 நாளிலும் புதுக் கம்பம் என்றால் 90 நாளிலும் முடிவு சொல்ல வேண்டும், ஆனால் தோற்றத்துக்கு நியாயமான விதிகளை முன்கூட்டியே எழுதி வெளியிடலாம். நிறம், உயரம், ஒயர் மறைப்பு என்று பல ஊர்கள் எழுதியும் வைத்திருக்கின்றன. இங்கே கடை முன் நடைபாதையான அஞ்சடியை விட்டு இறங்குகிற பாட்டிகள் ஒயருக்குக் குனிந்து போகிறார்கள். பொறுப்பானவர்களைக் கேட்டால், "வேலை செய்த குத்தகைக்காரரைக் கேளுங்க" என்கிறார்கள். அவர் நம்பரையாவது பெட்டியில் ஒட்டுங்கள், நாங்களே கூப்பிட்டுக்கொள்கிறோம்.