சைடு எஃபெக்ட் இல்லாத ஆயின்மென்ட்டா கொடுங்க!

முகப்பருவுக்கு மருந்து வாங்க மெடிக்கலுக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதுல சைடு எஃபெக்ட் ஏதும் வருமா?" கேட்க வேண்டிய கேள்விதான். எந்த மருந்துக்குக் கேட்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம். தோல் டாக்டர் பார்த்து, ரத்தம் எடுத்து, யோசித்து எழுதின ஐசோட்ரெடினாயின் என்கிற பரு மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாலு தடவை கேட்பார்கள். கூகுளில் தேடுவார்கள். சொந்தத்தில் யாராவது நர்ஸ் இருந்தால் அங்கேயே நின்று போன் போடுவார்கள். கடைசியில் "வீட்ல பேசிட்டு வர்றோம்" என்று போய்விடுவார்கள். அதே ஆட்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம் ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆன கதையைக் கேட்டுவிட்டு ஒரு ட்யூபின் பேரைச் சொல்லி வாங்க வரும்போது வாயே திறப்பதில்லை.

நான் ஃபார்மசிஸ்ட். டாக்டர் இல்லை. இன்னாருக்கு இன்ன மருந்து என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதைச் சொல்கிறேன். பரு விஷயத்தில் நம் மக்கள் பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவதில்லை. டாக்டர் கண்காணிப்பில் தைரியமாகச் சாப்பிடக்கூடியதைக் கண்டு நடுங்குகிறார்கள்.

முதலில் அந்த ட்யூப். சீட்டு வராது, ட்யூபே வரும். அடியிலிருந்து மடித்து மடித்து, கடைசித் துளிவரை பிதுக்கி, மேலே எழுத்தெல்லாம் தேய்ந்துபோன அலுமினிய ட்யூப். கண்ணாடி மேல் வைத்து "இதே வேணும், வேற கம்பெனி வேணாம்" என்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். மோமெடசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் மூன்றும் கலந்ததாக இருக்கும். மங்குக்காகச் சில வாரங்களுக்கு மட்டும் டாக்டர்கள் எழுதுகிற மருந்து அது. அல்லது குளோபீட்டசாலோடு ஒரு ஆன்டிபயாடிக்கும் படைக்கான மருந்தும் சேர்ந்ததாக இருக்கும். இல்லையென்றால் வெறும் பீட்டாமெத்தசோன். மூன்றிலும் இருப்பது ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு விஷம் என்று சொல்ல வரவில்லை. கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் அதுதான் கைகொடுக்கிறது. பெரிய கட்டிப் பரு ஒன்று வலித்துக்கொண்டிருந்தால் டாக்டரே அதற்குள் துளி ஸ்டீராய்டை ஊசியாகப் போடுவதும் உண்டு. பருவுக்கென்று முகம் பூராவும் தினமும் தேய்ப்பதுதான் பிரச்சினை. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் முதல் வாரத்தில் சிவப்பு போய், பரு அமுங்கி, நிறமும் கூடின மாதிரி தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதை உருவாவது இந்த வாரத்தில்தான். அப்புறம் நடப்பதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நூல் ஓடின மாதிரி ரத்தக் குழாய்கள் தெரியும். மீசை இடத்திலும் தாடையிலும் பூனைமுடி அடர்த்தியாகும். வெயிலில் இறங்கினால் முகம் எரியும். ஒரே அளவில் பொடிப்பொடியாகப் புதுப் பருக்கள் வரும். பயந்துபோய் ட்யூபை நிறுத்தினால் சில நாட்களில் முகம் முன்பைவிட மோசமாகச் சிவந்து வெடிக்கும். "பாத்தீங்களா, இதை விட்டாத்தான் வருது" என்று மறுபடி அதையே பூசுவார்கள். இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் மட்டும் சொல்கிற விஷயமில்லை இது. 2011ல் நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் பல ஊர்களில் சேர்ந்து செய்த ஒரு ஆய்வு வெளியானது. முகத்தில் பிரச்சினை என்று வந்த 2926 பேரைப் பார்த்ததில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னது டாக்டரே இல்லை. 433 பேரில் 392 பேருக்கு ஏதாவது ஒரு பாதிப்பு இருந்தது. அதிகம் பேருக்கு வந்த பாதிப்பு என்ன தெரியுமா? பரு! கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் பருவுக்காகத்தான் அதைப் பூசவே ஆரம்பித்திருந்தார்கள்.

2018ல் அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் ஹெச்சில் சேர்த்தது. அதாவது, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அதே வருஷம் தடை செய்யப்பட்ட 328 கூட்டு மருந்துகளில் இந்த மாதிரி கலவைக் களிம்புகள் சிலவும் இருந்தன. சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. "இல்லைன்னு சொல்லி ஏன் கஸ்டமரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பணும்?" என்று நினைக்கிற கடைகளும் இருக்கத்தான் செய்கின்றன. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள். படட்டும்.

சரி, இந்த ட்யூப் ஏன் இப்படி விற்கிறது? அவசரம். வளைகாப்பு, கல்யாணம், கேம்பஸ் இன்டர்வியூ, எதுவாக இருந்தாலும் பத்து நாளில் முகம் சரியாக வேண்டும். பரு அப்படிப்பட்ட சமாச்சாரம் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற பரு, எத்தனையோ நாள் முன்பே தோலுக்கடியில் துவாரம் அடைத்து ஆரம்பித்தது. ஹார்மோனால் எண்ணெய் அதிகம் சுரக்கும், செத்த செல்கள் துவாரத்தை அடைக்கும், உள்ளே பாக்டீரியா பெருகும், வீக்கம் வரும். ஒழுங்கான மருந்து எதுவானாலும் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். முதல் மாதத்தில் கொஞ்சம் கூடுவது மாதிரிகூட இருக்கும். அந்த மாதத்தைத் தாண்டாமல் விட்டவர்கள்தான் "எனக்கு எதுவுமே கேக்கல" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. சந்தனம் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். எலுமிச்சையும் பற்பசையும் தோலைப் பொசுக்கி, பரு போன பின்னும் கறுப்புத் தழும்பை விட்டுப் போகும். நம் நிறத் தோலில் அந்தத் தழும்பு ஆற மாதக்கணக்கில் ஆகும்.

உண்மையான மருந்துகளுக்கு வருவோம். இவை எல்லாவற்றுக்கும் சைடு எஃபெக்ட் உண்டு. ஆனால் இன்னது வரும், இந்தச் சமயத்தில் வரும், வந்தால் இதைச் செய் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அடாபலீன், ட்ரெடினாயின் வகை ஜெல் ராத்திரியில் போடுவது. முகம் முழுக்கச் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். மூக்கோரம், வாயோரம் வறண்டு உரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆரம்பித்து, மேலே மாய்ஸ்சரைசர் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைத்த மாதிரி வைப்பவர்கள் அதிகம். அந்த ஜெல்லின் வேலையே இனி வரப்போகிற பருவைத் தடுப்பது, ஆகவே முகம் பூராவும் போட வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்கு முயல்கிறவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே பல பேருக்குப் போதும். 10 சதவீதம் என்றால் நாலு மடங்கு வேலை செய்யும் என்பது தப்புக் கணக்கு, எரிச்சல்தான் கூடும். தலையணை உறையிலும் டவலிலும் வெள்ளைத் திட்டு விழும். அதற்காகச் சலவை சோப்பைத் திட்டாதீர்கள். இந்த மருந்தில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் உருவாகிறது என்று 2024ல் அமெரிக்காவில் ஒரு தனியார் ஆய்வகம் கிளப்பிய பீதி இங்கே வாட்ஸப்புக்கும் வந்தது. 2025ல் அமெரிக்க அரசு அமைப்பே 95 தயாரிப்புகளைச் சோதித்துப் பார்த்தது. பத்தில் ஒன்பதுக்கு மேல் பென்சீன் இல்லை, அல்லது மிகமிகக் குறைவு. சிலவற்றைத் திரும்பப் பெற்றார்கள். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ட்யூபை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள்.

க்ளிண்டாமைசின் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் போட்டால் கிருமி பழகிவிடும். அதனால்தான் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்து எழுதுகிறார்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் அப்படித்தான், பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. அதைச் சாப்பிடும்போது சித்திரை வெயிலில் பைக்கில் சுற்றினால் தோல் சீக்கிரம் கருகும். இன்னொரு விஷயம், ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே சாய்ந்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஹார்ட் அட்டாக் என்று ஓடுகிறவர்கள் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் உட்கார்ந்திருத்தல், போதும்.

இப்போது அந்த வில்லன், ஐசோட்ரெடினாயின். 1982லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. நாற்பது வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்கச் சாப்பிட்டிருக்கிறார்கள், அதன் நல்லதும் கெட்டதும் தோண்டித் துருவிப் பார்க்கப்பட்டிருக்கின்றன. தழும்பு விழுகிற கட்டிப் பருவுக்கு இதை மாதிரி வேலை செய்கிற மருந்து வேறு இல்லை. வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 120 முதல் 150 மில்லிகிராம் வரை கணக்கு வைப்பார்கள். 50 கிலோ உள்ள பெண் தினம் 20 மில்லிகிராம் சாப்பிட்டால் 6000 மில்லிகிராம் ஆக 300 நாள். ஏன் இவ்வளவு மாதம் எழுதுகிறார், காசு பிடுங்கவா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் சரியாக உடம்பில் சேராது. கொஞ்சம் எண்ணெய், நெய், முட்டை இருக்கிற சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்.

உதடு வெடிக்கும். கிட்டத்தட்ட எல்லோருக்குமே வெடிக்கும். லிப் பாம் பையிலேயே இருக்கட்டும். கண் வறளும், சிலருக்கு மூக்கில் ரத்தம் எட்டிப் பார்க்கும், மூட்டு வலிக்கும். பார்லரில் வேக்சிங் செய்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும், அந்த மாதங்களில் வேண்டாம். ரத்தத்தில் ஈரல் என்சைம், கொழுப்பு இரண்டும் ஏறலாம், அதற்குத்தான் ரத்தப் பரிசோதனை. ஏறினாலும் பெரும்பாலும் மருந்தைக் குறைத்தால், நிறுத்தினால் இறங்கிவிடும். வைட்டமின் ஏ மாத்திரையையும் டாக்ஸிசைக்ளினையும் இதோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாது. மனச்சோர்வு வரும் என்ற பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பொதுவாக அபாயம் கூடுவதாகத் தெரியவில்லை. இருந்தாலும் யாரோ ஒருவருக்கு வரலாம். பிள்ளை வழக்கத்துக்கு மாறாகச் சுருண்டு கிடந்தால் வீட்டில் கவனியுங்கள், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதில் சமாதானமே இல்லாத ஒரே விஷயம் கர்ப்பம். கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரை உள்ளே போனால் குழந்தையின் மூளை, இதயம், காது, முகம் எல்லாம் பாதிக்கப்படலாம். அதனால்தான் டாக்டர் கர்ப்பப் பரிசோதனை கேட்பார். கூட வந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிடும். "கல்யாணம் ஆகாத புள்ளகிட்ட என்ன கேள்வி கேக்குறாரு!" என்று எங்கள் கவுன்ட்டரில் வந்து பொரிந்து தள்ளினவர்கள் இருக்கிறார்கள். அம்மா, அவர் உங்கள் பெண்ணைச் சந்தேகப்படவில்லை, எந்தப் பெண்ணானாலும் அதே கேள்விதான். கேட்காமல் எழுதிக் கொடுக்கிறவரிடம்தான் நீங்கள் கோபப்பட வேண்டும். நிறுத்தின பிறகு ஒரு மாதம் கழித்துக் கர்ப்பம் தரிக்கலாம். குழந்தை பிறக்காமலே போய்விடும் என்பது வெறும் புரளி. ஆகவே நடுவில் கல்யாணம் நிச்சயமானால் பத்திரிகை அடிக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். அக்காவுக்கு மிச்சமான மாத்திரைப் பட்டையைத் தங்கச்சிக்குக் கொடுப்பது, இந்த மருந்தில் மட்டும், தயவுசெய்து வேண்டாம். ஆண்களும் பெண்களும் சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் ரத்ததானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் கர்ப்பிணிக்குப் போகலாம்.

இருபத்தைந்து, முப்பது வயதுக்கு மேல் தாடையோரம் மட்டும் பரு வந்து, மாதவிடாயும் தள்ளிப் போகிற பெண்களுக்குப் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறதா என்று பார்த்து ஹார்மோன் மாத்திரையோ ஸ்பைரனோலாக்டோனோ எழுதுவார்கள். இரண்டாவதைக் கூகுளில் தட்டினால் பிபி மாத்திரை என்று வரும், உடனே "டாக்டர் மாத்தி எழுதிட்டாரு" என்று ஓடி வருவார்கள். மாற்றி எழுதவில்லை. பெண்களுக்குப் பருவில் அது பலன் தருகிறது என்று பிரிட்டனில் 410 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023ல் வந்தது. அடிக்கடி சிறுநீர் போகும், மாதவிடாய் முன்பின்னாகும், கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களுக்கு ஆகாது. அந்த ஹார்மோன் மாத்திரையாகக் கர்ப்பத்தடை மாத்திரை எழுதினால் வீட்டில் இன்னொரு பூகம்பம். அதில் கவனிக்க வேண்டியது ஊர் என்ன சொல்லும் என்பதை அல்ல. ரத்தம் உறைந்த வரலாறு, கண்ணில் மின்னலடித்து வருகிற ஒற்றைத் தலைவலி, இந்த மாதிரி ஏதும் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே அந்த ஸ்டீராய்டு ட்யூபில் மாட்டிக்கொண்டவர்கள், இதைப் படித்த வேகத்தில் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து அழ வேண்டாம். ட்யூபோடு தோல் டாக்டரிடம் போங்கள். எத்தனை மாதமாகப் பூசுகிறீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். தனியார் டாக்டர் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு போட்டுக் காட்டலாம். முகம் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும், நடுவில் மோசமாகும். அந்த நேரத்தில் எரிச்சலுக்கும் சிவப்புக்கும் மருந்து கொடுத்துச் சமாளிக்க அவர்களுக்குத் தெரியும்.

ட்யூபைப் படம் பிடித்து "இது போடலாமா?" என்று எனக்கு இன்பாக்ஸில் அனுப்பாதீர்கள். போன பதிவுக்கே நிறைய வந்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கி உள்ளே என்ன இருக்கிறது என்று வாசியுங்கள். மோமெடசோன், பீட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன், குளோபீட்டசால், ஃப்ளூவோசினோலோன், இதில் ஒன்று இருந்தால் கவுன்ட்டரில் கேட்கிற அந்தக் கேள்வியை அந்த ட்யூபுக்குக் கேளுங்கள்.