சாரம் உடுத்தபடி வெல்டிங் வேண்டாம்

வீட்டில் வெல்டிங் போன்ற இரும்பு வேலை செய்வது பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன்; பாதுகாப்புக்குக் கண்ணாடியும் கையுறையும் போதும் என்ற மாதிரி அது முடிகிறது. உடுப்பும் அதே அளவு முக்கியம். இங்கே திருகோணமலை வெக்கையில் சாரமும் ரப்பர் செருப்புமாகக் கேற் ஒட்டும் பெடியளை உப்புவெளிப் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன், மனம் பதறுகிறது. பொலியெஸ்டர் ரீசேட்டில் தீப்பொறி விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டிவிடும். தடித்த பருத்தி கருகினாலும் அப்படி ஒட்டாது. மூடாத கழுத்தையும் கையையும் வெல்டிங் ஒளியின் புற ஊதாக் கதிர் சுட்டுவிடும். காற்சட்டையைச் சப்பாத்துக்குள் செருகாமல் வெளியே விடுங்கள், பொறி உள்ளே இறங்காது. ஆனால் துளை போடும் மெஷினில் கையுறை வேண்டவே வேண்டாம். சுழலும் அலகில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். தம்பிமார், வெக்கை தாங்காவிட்டால் வேலையை விடியக்காலைக்கு மாற்றுங்கள், உடுப்பைக் குறைக்காதீர்கள்.