முகாமை நடத்தியது நான் இல்லை

வெளிநாட்டில் சிறுமிகளுக்காக நடந்த முகாமில் எடுத்த என் படத்தை ஒரு சமூக ஊடகப் பக்கம் போட்டாலும் போட்டது, அந்தப் படத்தில் இன்னும் எத்தனை பேர் என்னை டேக் செய்யப் போகிறீர்கள் என்று தெரியவில்லை. பார்த்துவிட்டேன். ‘கடல் கடந்து போய்ச் சிறுமிகளின் வாழ்க்கையை மாற்றிய பெண்’ என்ற தலைப்பையும் பார்த்துவிட்டேன். வாழ்த்தியவர்களுக்கு நன்றி. ஆனால் என் தோள்மேல் ஒரு கை இருக்கிறதே, அது யாருடையது என்று ஒருவராவது கேட்டீர்களா? அந்த ஊர்ப் பள்ளி டீச்சருடையது. படத்திலிருந்து ஆளை வெட்டிவிட்டுக் கையை மட்டும் மறந்துபோய் விட்டிருக்கிறார்கள். முகாமை நடத்தியவர் அவர்தான்.

தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நான் போய் இறங்குவதற்கு வெகுநாள் முன்பே வீடு வீடாக ஏறி இறங்கி, பெற்றோரிடம் அனுமதிக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். ‘பொம்பளப் புள்ளையை ராத்திரி வெளியே தங்க விடமாட்டேன்’ என்ற அப்பாவிடம், ‘நானும் அதே அறையில்தான் படுப்பேன்’ என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தவரும் அவரே. நேற்று வந்த வெளிநாட்டுக்காரி அந்த வாசலில் போய் நின்றிருந்தால் கதவைத் திறந்திருப்பார்களா? திறந்திருப்பார்கள், வேடிக்கை பார்க்க.

இது ஒன்றும் புதுக்கதை இல்லை. பெண்பிள்ளைகளுக்கான ‘கேம்ப் குளோ’ முகாம் 1995-இல் ருமேனியாவில் தொடங்கியது. அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்கு அனுப்பும் ‘பீஸ் கோர்’ தன்னார்வலர்கள் தொடங்கினார்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கூடவே நின்று நடத்திய ருமேனிய ஆசிரியர்களை யார் சொல்கிறார்கள்? அதன் பிறகு எத்தனையோ நாடுகளில் இதே பாணி முகாம்கள் வந்துவிட்டன. நாங்கள் நடத்தியதும், மன்னிக்கவும், டீச்சர் நடத்தியதும் அந்த வழியில் வந்ததுதான். பீஸ் கோர்காரர்களாவது மொழி படித்து, இரண்டு வருடத்துக்கும் மேல் அங்கேயே இருக்கிறார்கள். நான் ஒரு கோடைக்குப் போனவள்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். துணி நாப்கின் தைக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. வெட்டுவது, தைப்பது, பிரஸ் பட்டன் வைப்பது எல்லாம் முடிந்தது. ‘துவைத்து நல்ல வெயிலில் உலர்த்தவும்’ என்று என் கையில் இருந்த கையேடு சொன்னது. படித்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தி டீச்சரிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: வீட்டில் அண்ணன் இருக்கும்போது எந்தக் கொடியில் போடுவது? டீச்சர் ஒரு மெல்லிய துணியை எடுத்து மேலே போர்த்திக் காட்டினார். காற்றும் வெயிலும் போகும், கண்ணுக்குத் தெரியாது. அப்புறம், ‘இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று ஒருநாள் அண்ணனுக்கும் சொல்லுவோம். அதுவரை இப்படிப் போடு’ என்றார். வகுப்பே சிரித்தது. அந்தப் பதில் எந்தக் கையேட்டில் இருக்கிறது?

சரி, அடுத்து என்னைத் திட்டுகிற கோஷ்டிக்கு வருவோம். ‘இங்கே பெண்பிள்ளைகளே இல்லையா, அங்கே போய்ச் சேவை செய்ய?’ இருக்கிறார்கள். நீங்கள் செய்யுங்களேன். யார் தடுத்தது?

‘இதெல்லாம் ரட்சகர் மனப்பான்மை’, அதாவது அவர்களைக் காப்பாற்ற நான்தான் வந்தேன் என்ற நினைப்பு, என்று நீளமாக எழுதிய நண்பருக்குக் கொஞ்சம் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். சுற்றிப் பார்க்கப் போகிற இடத்தில் சேவையும் செய்கிறோம் என்று போகும் தன்னார்வச் சுற்றுலா என்ற பெயரில் அக்கிரமம் நடப்பது உண்மை. சுற்றுலாப் பயணிகளிடம் காசு பார்ப்பதற்காகவே, அம்மா அப்பா உயிரோடு இருக்கும் பிள்ளைகளை அநாதை இல்லங்களில் அடைத்து வைக்கும் கொடுமை அளவுக்குப் போயிருக்கிறது. ஆஸ்திரேலியா 2018-இல் இதை நவீன அடிமைத்தனம் என்றே அங்கீகரித்தது. எனக்கும் தெரியும் ஐயா. ஆனால் உங்கள் முழுப் பதிவிலும் அந்த டீச்சர் எங்கே? புகழ்ந்தவர்கள் படத்திலிருந்து வெட்டினார்கள், நீங்கள் கட்டுரையிலிருந்து வெட்டிவிட்டீர்கள். உங்கள் இருவருக்கும் நான் மட்டும்தான் கண்ணில் படுகிறேன். ஒருவருக்கு தேவதையாக, ஒருவருக்கு வில்லியாக.

‘அப்படியென்றால் நீ எதற்குப் போனாய்?’ பாய் விரிக்க, காய்ச்சல் வந்த பிள்ளையோடு இரவில் உட்கார, பிள்ளைகளோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது என்ற விதிக்கு இரண்டாவது ஆளாக நிற்க. கூலியில்லாத உதவியாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் இதற்கு யாரும் தலைப்புப் போட மாட்டார்கள்.

உண்மையில் வலித்தது வேறு. கிளம்பும்போது ‘ஓசியில் ஊர் சுற்றப் போகிறாள்’ என்று சொன்ன அதே உறவினர்கள்தான் இன்று அந்தப் படத்தை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு ‘எங்க வீட்டுப் பொண்ணு’ என்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் முகங்களோடு! அந்தப் படத்துக்குப் பெற்றோர் கொடுத்த அனுமதி முகாமின் பயன்பாட்டுக்கு மட்டும். முகத்தை மறைக்கச் சொல்லி அந்தப் பக்கத்துக்கு எழுதினேன். ‘முகம் தெரிந்தால்தான் மேடம் ரீச்’ என்று பதில்.

பேட்டி வேண்டும் என்று நேற்று அந்தப் பக்கத்துக்காரர்களே அழைத்தார்கள். டீச்சரிடம் பேசுங்கள், நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். ‘அவங்களுக்குத் தமிழ் தெரியாதே மேடம்’ என்றார்கள். எனக்கும்தான் அந்த ஊர் மொழி தெரியாது. நான் போனபோது யாரும் அதைக் கேட்கவில்லை.