கார் கொடுத்தவருக்குக் கைதட்டுவோம், கவரையும் எண்ணிப் பார்ப்போம்

தீபாவளி நெருங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்துவிடும். வரிசையாக நிற்கும் புதுக் கார்கள், சாவியை நீட்டும் முதலாளி, கண் கலங்கி நிற்கும் ஊழியர். கீழே “இப்படி ஒரு முதலாளி நமக்கும் கிடைக்கணுமே” என்று ஆளாளுக்கு எழுதியிருப்பார்கள்.

2022ல் சென்னையில் ஐடியாஸ்2ஐடி நிறுவனம் 100 ஊழியர்களுக்குக் கார் கொடுத்தது. அதே ஆண்டு கிஸ்ஃப்ளோ என்ற மென்பொருள் நிறுவனம் ஐந்து மூத்த ஊழியர்களுக்கு பி.எம்.டபிள்யூ கொடுத்தது. 2023 தீபாவளிக்குக் கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தோட்ட உரிமையாளர் தன் ஆட்களுக்கு ராயல் என்ஃபீல்டு வண்டி வாங்கிக் கொடுத்தார். 2025 தொடக்கத்தில் கோவையின் கோவை.கோ மென்பொருள் நிறுவனம் 140 பேருக்கு 14 கோடி ரூபாய்க்கு மேல் போனஸ் அறிவித்தது. எல்லாமே நல்ல காரியம். மனதாரப் பாராட்டுகிறேன். அதிலும் இத்தனை வருடம் கூட இருந்தால் இவ்வளவு என்று முன்பே வாக்குக் கொடுத்து, சொன்னபடி பணமாகத் தருவதுதான் என் பார்வையில் காரைவிடப் பெரியது. காருக்கு இன்சூரன்ஸும் பெட்ரோலும் வாங்கியவர்தானே போட வேண்டும்?

என் ஆதங்கம் வேறு. இந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து, போனஸ் என்றாலே முதலாளி மனசு வைத்துக் கொடுப்பது என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் யூனிட்டுகளுக்கும், திருப்பூர் பக்கம் சில பனியன் கம்பெனிகளுக்கும் பல வருடம் சம்பளக் கணக்கு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். போனஸ் சட்டப்படி வர வேண்டிய பாக்கி. கேட்டு வாங்க வேண்டியது.

1965ல் வந்தது போனஸ் சட்டம். வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸ் உண்டு. குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். அதென்ன 8.33? நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டு மாதம் உழைத்தவருக்குப் பதின்மூன்றாவது மாதச் சம்பளம், அவ்வளவுதான். கம்பெனி நஷ்டத்தில் ஓடினாலும் இந்தக் குறைந்தபட்சத்தைக் கொடுத்தாக வேண்டும். (புதிதாகத் தொடங்கிய நிறுவனத்துக்கு முதல் ஐந்து வருடம் சலுகை உண்டு, லாபம் வந்த வருடம் தவிர.) நஷ்டத்திலும் போனஸா என்று முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1966ல் அந்த வாதம் அங்கே எடுபடவில்லை.

இது சும்மா வந்ததும் இல்லை. முதல் உலகப் போர் நேரத்தில் பம்பாய் நூற்பாலைகள் கொள்ளை லாபம் பார்த்தன. விலைவாசி ஏறித் தவித்த தொழிலாளிக்கு 1917ல் 10 சதவீதம் ‘போர் போனஸ்’ கொடுத்தார்கள். பிறகு நிறுத்தினார்கள். அதற்காகவே 1924ல் பம்பாய் மில்கள் அத்தனையும் வேலைநிறுத்தத்தில் நின்றன. சட்டம் வந்தபோதுகூடக் குறைந்தபட்சம் 4 சதவீதம்தான். 1972ல்தான் 8.33 ஆனது. 1975ல் நெருக்கடிநிலை வந்ததும் செய்த வேலைகளில் ஒன்று அதை மறுபடி 4 ஆக்கியது. ஆட்சி மாறி 1977ல் திரும்பி வந்தது. பேச்சுரிமை பறிபோனதை இன்றும் பேசுகிறோம். போனஸ் பாதியானதை யாரும் பேசுவதில்லை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். சின்ன யூனிட்டில் போனஸ் நாள் எப்படி இருக்கும் தெரியுமா? மதியத்துக்கு மேல் மெஷின் ஓடாது. சோப்புப் போட்டுக் கை கழுவியும் எண்ணெய்க் கறை போகாத விரல்களோடு வரிசையில் நிற்பார்கள். மேசையில் போனஸ் ரிஜிஸ்டர், பழுப்பு நிறக் கவர்கள், அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ். “அண்ணா, இந்தத் தடவை எத்தனை பர்சென்ட்ங்க?” என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி. பெரிய கம்பெனி என்றால் யூனியன் இருக்கும், பேசி ஒப்பந்தம் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பார்கள். இங்கே கவரைப் பிரித்தால்தான் தெரியும். ஓர் இடத்தில் என் கண் முன்னாலேயே நடந்தது இது: ரிஜிஸ்டரில் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து வாங்கிய தொகை ஒன்று, கவருக்குள் இருந்த தொகை வேறொன்று. கேட்ட ஒரே ஆளுக்கு “அடுத்த மாசத்திலிருந்து வேற இடம் பாத்துக்கப்பா” என்று பதில் வந்தது. அவர் அந்தக் கவரை நம்பி அடகு வைத்த கம்மலைத் திருப்பத் தேதி குறித்திருந்தவர்.

திருட்டுத்தனம் இல்லாத இடத்திலும் கணக்கு அடிபடும். போனஸ் கணக்கிட உச்சவரம்பு மாதம் 7,000 ரூபாய் என்று 2015 திருத்தத்தில் வைத்தார்கள். அதே வரியில் ‘அல்லது அந்த வேலைக்கான குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அது’ என்றும் இருக்கிறது. அந்தப் பின்பாதியைப் பல பேர் படிப்பதே இல்லை. 7,000க்கு 8.33 சதவீதம் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 7,000. குறைந்தபட்சக் கூலி 12,000 என்று வைத்துக்கொண்டால் 12,000 வரவேண்டும். ஐயாயிரம் ரூபாய் வித்தியாசம். ஒரு வீட்டில் பிள்ளைகள் இருவருக்குத் துணி, பெரியவர்களுக்கு வேட்டி சேலை, பலகாரச் செலவு அத்தனையும் அந்த ஐயாயிரத்தில் அடங்கும்.

இன்னொன்று, “பாதியில் நின்னுட்டான், போனஸ் கிடையாது” என்பது. தப்பு. அந்த வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தால், பார்த்த நாட்களுக்குக் கொடுக்க வேண்டும். மோசடி, திருட்டு, சேதம், வன்முறை போன்ற காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்குத்தான் மறுக்கலாம். சொல்லாமல் லீவு போட்டார் என்பதெல்லாம் காரணமே இல்லை. மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனம் நவம்பர் 30க்குள் பணத்தைக் கொடுத்திருக்க வேண்டும். பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டில் பவர் டேபிள் தைப்பவரைக் கான்ட்ராக்டர் கணக்கில் தள்ளிவிட்டு “அவரையே கேளு” என்பார்கள். கான்ட்ராக்டரோ தீபாவளிக்கு முந்தின வாரம் போனை எடுக்கவே மாட்டார்.

ஐ.டி. பக்கம் வேறு கதை. அங்கே சி.டி.சி., அதாவது ஓர் ஆளுக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, என்ற பெரிய எண்ணைக் காட்டி ஆள் எடுக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் கம்பெனி கட்டும் பி.எஃப். அதற்குள், கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் அதற்குள், வேரியபிள் பே அதற்குள். வேரியபிள் என்றால் கம்பெனி, டீம், ஆள் என்று மூன்று ரேட்டிங் தாண்டி வருவது. ‘நூறு சதவீதம்’ என்று ஆஃபர் லெட்டரில் எழுதியது கைக்கு வரும்போது அறுபதாகவும் இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம். ஜாயினிங் போனஸ் கொடுத்துவிட்டு, வருடத்துக்குள் போனால் திருப்பிக் கட்டு என்கிறார்கள். அதைக் கடன் என்றுதான் சொல்ல வேண்டும். பங்கு கொடுத்த கம்பெனிகளில் நல்லது நடந்ததும் உண்டு. 2021ல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானபோது 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அது உண்மையாகவே கம்பெனி வளர்ச்சியில் பங்கு. அப்படிப்பட்ட கம்பெனிகளை விரல்விட்டு எண்ணலாம்.

சலுகை என்று பெருமையாக விளம்பரம் செய்வதில் பாதி சட்டக் கடமை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஃபேக்டரியில் கேண்டீன் வைக்கச் சொன்னது 1948ஆம் வருடச் சட்டம். 50 பேர் இருக்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்றது 2017 மகப்பேறு சட்டத் திருத்தம். தி.நகர் துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே சேலை விரித்துப் போடும் பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்பதற்கே 2021ல் சட்டசபையில் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. தீபாவளிக்கு ஊரே துணி வாங்கும் கடையில், விற்பவர் கால் வீங்கி நிற்கிறார். இப்போது கடைக்குப் போனால் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

போனஸே கிடையாது என்று சட்டமே ஒதுக்கிவைத்த கூட்டமும் உண்டு. கல்வி நிறுவனங்களுக்கும் லாப நோக்கமற்றவை என்று பதிவான மருத்துவமனைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. ஃபீஸ் வாங்கும்போது நமக்குத் தெரியாத அந்த லாப நோக்கமின்மை, டீச்சருக்கும் நர்ஸுக்கும் போனஸ் என்று வரும்போது மட்டும் நினைவுக்கு வருகிறது. தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர் தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்குப் போகிறார். ஸ்கூல் வேன் டிரைவருக்கும் அதே பாக்ஸ்தான்.

போனஸ் போலத் தெரிந்த கொடுமையும் நம் பக்கத்தில் நடந்தது. ‘சுமங்கலித் திட்டம்’. திருமணத்துக்கு உதவும், மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகத் தொகை கைக்கு வரும் என்று சொல்லிக் கிராமத்துப் பெண் பிள்ளைகளை ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். அந்தத் தொகை அவர்கள் கூலியிலிருந்தே பிடித்து வைத்தது. உடம்புக்கு முடியாமல் இரண்டரை வருடத்தில் வீட்டுக்கு வந்தவள் வெறுங்கையோடு வந்தாள். கடைசியில் தருகிறேன் என்று நம் பணத்தையே பிடித்து வைக்கும் எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் ஞாபகம் வருகிறார்கள். வேலையை விட்டுப் போகாமல் இருந்தால் தருகிறோம் என்ற ரிட்டென்ஷன் போனஸாக ஐ.டி.யில் வந்தாலும் சரி.

அரசாங்கத்தையும் விட்டுவைக்க முடியாது. தமிழக அரசு தன் பொதுத்துறை நிறுவனங்களின் சி, டி பிரிவினருக்கு போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் என்று அறிவிக்கும். நல்லது. ஆனால் அதிகபட்சம் 16,800. ரயில்வேயில் 78 நாள் சம்பளம் என்று தலைப்புச் செய்தி வரும், கைக்கு அதிகபட்சம் 17,951. 78 நாள் சம்பளம் எப்படி இவ்வளவு குறைவு என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் அடியில் அதே மாதம் 7,000 கணக்கு. அந்த எண் 2014 ஏப்ரலை முன்தேதியாக வைத்து நிர்ணயித்தது. அன்றைக்குத் தங்கம் பவுன் என்ன விலை, இன்றைக்கு என்ன விலை என்று வீட்டில் யாரையும் கேட்டால் சொல்லிவிடுவார்கள். மாதச் சம்பளம் இதற்குள் இருந்தால்தான் போனஸ் என்ற தகுதி வரம்பான 21,000மும் அதே காலத்தது. ஐந்நூறு ரூபாய் சம்பளம் கூடி 21,000ஐத் தாண்டியவுடன் சட்டப்படியான போனஸ் மொத்தமும் போய்விடுகிறது. சம்பள உயர்வு வேண்டாம் சார் என்று கெஞ்சிய சூப்பர்வைசரை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது எனக்கு இருக்கும் பெரிய கவலை புதுச் சட்டம்தான். 2019ல் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 1965 சட்டத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. 2025 நவம்பர் 21 முதல் தொகுப்புகள் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. 8.33, 20 இரண்டும் அப்படியே இருக்கின்றன. போனஸை வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்கிறது, கவர் மோசடிக்கு அது நல்ல மருந்து. ஆனால் பழைய சட்டத்தில் ‘ஃபேக்டரி’ என்று பதிவான எந்த இடத்துக்கும் போனஸ் இருந்தது, மின்சாரத்தில் மெஷின் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தாலே போதுமாக இருந்தது. புதியதில் 20 பேர் இருக்க வேண்டும். கோவையில் கணபதியிலும் பீளமேட்டிலும் சிட்கோ தொழிற்பேட்டையிலும் சந்துக்குச் சந்து இருக்கும் லேத் பட்டறைகளில் எத்தனை இடத்தில் 20 பேர் இருக்கிறார்கள்? பன்னிரண்டு பேர், பதினைந்து பேர்தான். இத்தனை நாளும் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடிந்தவர்கள் இனி முதலாளி முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியவர்கள் ஆகிவிடுவார்கள்.

மாநில அரசு இந்த 10 முதல் 19 பேர் வரை உள்ள பட்டறைகளுக்குப் பாதுகாப்பு கொடுக்க வழி தேட வேண்டும். 21,000, 7,000 வரம்புகளை விலைவாசிப் புள்ளியோடு கட்டி வருடாவருடம் தானாக ஏறும்படி செய்ய மத்திய அரசை வலியுறுத்த வேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் யாராவது இதைப் படித்தால், பட்டறைக்காரர்களுக்காக இப்போதே பேசத் தொடங்குங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் பேசி ஒரு பயனும் இல்லை.